விளக்கு வாய்க்காலோடு வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குளங்களையும் நீர்வழிகளையும் அவற்றை நம்பி வாழும் உயிர்களையும் போற்றும் வகையில் ஒளிக்கலை விழா ஒன்றை ஊர்மக்களே சேர்ந்து நடத்த வேண்டும் என்ற பேச்சு, கோவையின் மேற்குப் பகுதியில் உள்ள எங்கள் தெருக்களில் சில மாதங்களாக அடிபட்டு வருகிறது. அது குறித்து நடந்த குடியிருப்போர் கூட்டத்தில் நானும் அமர்ந்து கேட்டேன். யோசனை நல்லது; அதை எதிர்ப்பதற்காக இக்கடிதத்தை எழுதவில்லை. ஆனால், விளக்கை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தபோது, இருந்த அத்தனை பேரும் சற்றும் யோசியாமல் குளத்தில்தான் என்றார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குளத்துக்குத் தண்ணீர் கொண்டுவரும் வாய்க்காலின் இரு கரைகளிலும் விளக்கு வைத்து, தண்ணீர் வரும் வழியை ஊருக்குக் காட்டுவதே இவ்விழாவின் முதல் வேலையாக இருக்க வேண்டும் என்று கருதுகிறேன். அதற்கான காரணங்களைத் தங்கள் வாசகர்கள்முன் வைக்க இடம் தருமாறு வேண்டுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குளக்கரையில் நடந்த ஒளி நிகழ்ச்சிக்கு என் மகள்வழிப் பேத்தியை அழைத்துச் சென்றிருந்தேன். பச்சையும் ஊதாவுமாக லேசர் கதிர்கள் நீரின்மேல் ஓடின. மின்விளக்குகளால் செய்த பெரிய மீன் ஒன்று நடுக்குளத்தில் வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது. ஒலிபெருக்கியின் அதிர்வு நெஞ்சுக்கூட்டில் வந்து விழுந்தது. அழகாகத்தான் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்து முடித்த குழந்தை, “இந்தத் தண்ணியெல்லாம் எங்கிருந்துங்க அப்பிச்சி வருது?” என்று கேட்டாள். நான் மேற்கே கை காட்டினேன். காட்டிய திசையில் ஒரு திருமண மண்டபத்தின் சீரியல் விளக்குகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. மறுநாள் காலை நடைப்பயிற்சிக்குப் போனபோது, குளம் நிறைந்தால் மிகைநீர் வழியும் கலிங்கின் ஓரத்தில் மிதவை விளக்குகளின் பிளாஸ்டிக் தட்டுகளும் சிறு பேட்டரிகளும் ஆகாயத்தாமரையோடு சிக்கிக் கிடந்தன. நடத்தியவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்குக் குளம் ஒரு திரையாகத் தெரிந்தது, அதில் படம் காட்டினார்கள், அவ்வளவுதான்.

பேத்தியின் கேள்விக்கு அன்று சொல்ல நினைத்த பதிலை இங்கே எழுதுகிறேன். வெள்ளியங்கிரி மலையில் பிறக்கும் பெரியாறு, சின்னாறு, நீலியாறு முதலிய மலையோடைகள் கூடி நொய்யலாகி, கோவையையும் திருப்பூரையும் கடந்து, கரூர் மாவட்டத்தில் நொய்யல் என்றே பெயர்கொண்ட ஊரருகே காவிரியில் சேர்கின்றன. காஞ்சிமாநதி என்று பழம்பெயர் கொண்ட இந்த ஆறு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு அன்று. மலையில் பெய்தால் வெள்ளம், பெய்யாவிட்டால் மணல். மழைமறைவில் இருக்கும் ஊர், வந்த வெள்ளத்தை வந்தபோதே பிடித்து வைத்தால்தான் பிழைக்க முடியும் என்பதை முன்னோர் கண்டுகொண்டு, ஆற்றின் குறுக்கே சித்திரைச்சாவடி, குனியமுத்தூர், கோயம்புத்தூர், குறிச்சி, வெள்ளலூர், சிங்காநல்லூர் என்று அடுத்தடுத்து அணைக்கட்டுகளை எழுப்பினார்கள். இவை ஆற்றை முழுதாக மறித்து நிறுத்துபவை அல்ல. வெள்ளத்தின் ஒரு பங்கை மட்டும் பக்கவாட்டு வாய்க்காலில் திருப்பிவிட்டு, மிச்சத்தைக் கீழே இருப்பவர்களுக்கு விட்டுவிடும் தாழ்வான கட்டுகள். சித்திரைச்சாவடியில் பிரியும் ராஜவாய்க்கால்தான் நரசாம்பதி, கிருஷ்ணாம்பதி, செல்வாம்பதி ஆகிய குளங்களுக்கும், நாம் முத்தண்ணன் குளம் என்றழைக்கும் குமாரசாமிக் குளத்துக்கும் உயிர்நரம்பு. உக்கடம் பெரியகுளம் நிறைந்தால் வாலாங்குளத்துக்கு வழியும். ஒரு குளத்தின் கலிங்கு இன்னொரு குளத்தின் தலைவாசல்.

இந்தக் குளங்களை இன்று எல்லோரும் பார்க்கிறார்கள். 2016 ஜனவரியில் வெளியான முதல் ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் கோவை இடம்பெற்ற பிறகு, பெரியகுளம், வாலாங்குளம் போன்றவற்றின் கரைகளில் நடைபாதையும் இருக்கைகளும் விளக்குக் கம்பங்களும் வந்துவிட்டன. குறிச்சிக் குளக்கரையில் தமிழ் எழுத்துகளால் அமைந்த திருவள்ளுவர் சிலைமுன் படம் எடுத்துக்கொள்ளாத வெளியூர் உறவினர் குறைவு. ஆனால் வாய்க்காலை யார் பார்க்கிறார்கள்? அது வீட்டுக்குப் பின்புறம் ஓடுவது. மூக்கைப் பிடித்துக்கொண்டு தாண்டுவது. சிமெண்டுப் பலகை போட்டு வண்டி நிறுத்துவது. எங்கள் பக்கத்தில் ஓடையைப் பள்ளம் என்போம். சங்கனூர்ப் பள்ளம் என்றால் இன்றைய பிள்ளைகள் அதைச் சாக்கடையின் பெயர் என்றே எண்ணுகிறார்கள். நானும் வகுப்பில் எத்தனையோ முறை திருத்தியும் அந்த எண்ணத்தை மாற்ற முடிந்ததில்லை.

ஆகவே என் யோசனை இதுதான். விழா நாளன்று, அணைக்கட்டிலிருந்து குளத்தின் மதகு வரை, வாய்க்காலின் இரு ஓரங்களிலும் அகல்விளக்கு வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் ஓரங்களில் அல்ல. வருவாய்த் துறையின் புல வரைபடத்தில் வாய்க்கால் புறம்போக்கு எவ்வளவு அகலமாகக் காட்டப்பட்டிருக்கிறதோ, அந்த அளவின் ஓரங்களில். நில அளவரும் கிராம நிர்வாக அலுவலரும் ஒருநாள் உடன் வந்து அளவைக் காட்டிவிட்டால், மீதி வேலையைத் தெருவார் பார்த்துக்கொள்வார்கள். அப்படி வைத்துக்கொண்டே போகும்போது, ஓரிடத்தில் விளக்கு வரிசை ஒரு சுற்றுச்சுவரில் போய் முட்டும். இன்னோரிடத்தில் கட்டடக் கழிவு மேட்டின்மேல் ஏறி இறங்கும். வேறோரிடத்தில் இருபதடி அகலம் இருக்க வேண்டிய வரிசை இரண்டடிக் குழாயாகச் சுருங்கும். மாலையில் பாலத்தின்மேல் நின்று பார்ப்பவருக்கு யாரும் எதையும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. விளக்கு எங்கே அறுபடுகிறதோ அங்கேதான் வாய்க்காலும் அறுபட்டிருக்கிறது. நீர்நிலைகளைக் காக்கவும் ஆக்கிரமிப்புகளை அகற்றவும் 2007ஆம் ஆண்டிலேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது; சட்டம் இருந்தும் எது எவ்வளவு அடைபட்டிருக்கிறது என்பது ஊரின் கண்ணுக்குத் தெரியாமலிருப்பதே நம் சங்கடம்.

இதைச் சொல்லும்போதே ஒரு தயக்கமும் எனக்கு இருக்கிறது, அதை மறைக்க விரும்பவில்லை. குளக்கரைகளில் பல ஆண்டுகளாகக் குடியிருந்த குடும்பங்கள் கீரணத்தத்துக்கும் மலுமிச்சம்பட்டிக்கும் வெள்ளலூருக்கும் மாற்றப்பட்டதைக் கண்ணால் பார்த்தவன் நான். வேலைக்குப் போகும் தொலைவு கூடி, பிள்ளைகளின் பள்ளி மாறி அவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும், ஏனெனில் அவர்களில் சிலருக்கு நான் பாடம் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். விளக்கு வரிசை குடிசையின் வாசலில் மட்டும் நின்று விரல் நீட்டிவிட்டு, பெரிய மதிற்சுவரைக் கண்டால் வளைந்து போகுமானால், அந்த விழா நடக்காமலிருப்பதே மேல். மதிற்சுவரின் இருபுறமும் விளக்கு எரிய வேண்டும்.

இது வெளிநாட்டாரைப் பார்த்துச் செய்யும் ஆடம்பரம் என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் சொன்னார். வெளிநாட்டில் என்ன செய்தார்கள் என்பதையும்தான் பார்ப்போமே. அமெரிக்காவின் ராட் ஐலண்ட் மாநிலத்தில் பிராவிடன்ஸ் என்றொரு நகரம் இருக்கிறது. அதன் நடுவே ஓடிய ஆறுகளைச் சாலைகளும் தளங்களும் போட்டு மூடியிருந்தார்கள். பிறகு அந்த மூடிகளைப் பெயர்த்தெடுத்து, ஆறுகளை மீண்டும் வானம் பார்க்க விட்டார்கள். அந்த நீரின் நடுவே இரும்புக் கூடைகளில் விறகுத் தீ மூட்டும் நிகழ்ச்சி 1994இல் தொடங்கியது. கறுப்புடை அணிந்த தன்னார்வலர்கள் படகில் சென்று தீக்கு விறகு தள்ளுகிறார்கள். முதலில் ஆற்றைத் திறந்தார்கள், பிறகு தீயை ஏற்றினார்கள் என்ற அந்த வரிசைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இங்கிலாந்தின் அல்வர்ஸ்டன் என்ற சிற்றூரில் 1983 முதல் நடக்கும் விளக்குத் திருவிழா இன்னும் எளியது. வளையும் குச்சிகளைக் கட்டி, மெல்லிய தாள் ஒட்டி, ஊர்மக்கள் தாங்களே செய்த விளக்குகளைத் தூக்கிக்கொண்டு பல திசைகளிலிருந்தும் நடந்துவந்து கூடுகிறார்கள். அந்த ஊர்வலங்களை அவர்கள் ஒளி ஆறுகள் என்று சொல்கிறார்கள். அவர்களுக்கு அது உவமை. நமக்கோ, நடந்துவருவதற்கு உண்மையான வாய்க்கால்களே இருக்கின்றன.

நமக்கு இது புதிதும் அன்று. பவானியாற்றையும் நொய்யலையும் இணைத்து 13ஆம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட காலிங்கராயன் வாய்க்காலுக்கு, தை மாதம் 5ஆம் நாள் காலிங்கராயன் தினம் என்று இன்றும் விழா எடுக்கிறோம். கார்த்திகையன்று கிணற்றுமேட்டுக்கு ஒரு விளக்கு, மாட்டுத் தொழுவத்துக்கு ஒன்று, குப்பைமேட்டுக்குக்கூட ஒன்று என்று வைத்த வழக்கத்தில் வளர்ந்தவர்கள் நாம். இவற்றையெல்லாம்விட என் மனத்தில் நிற்பது நிலாப்பிள்ளை. தைப்பூசத்துக்கு முந்தைய இரவுகளில் பெண்பிள்ளைகள் ஊர்ப் பொதுவாசலில் கோலமாவால் நிலாவை வரைந்து, ஆவாரம்பூ வைத்து, வீட்டுக்கு வீடு கொண்டுவந்த சோற்றை நடுவில் வைத்துச் சுற்றிவந்து கும்மியடிப்பார்கள். கடைசி இரவில் எங்கள் ஊரில் மாவிளக்கை வாழைமட்டையில் வைத்து, குளத்துத் தண்ணீரில் விட்டு அனுப்புவார்கள். ஆண்பிள்ளைகள் தள்ளி நின்றுதான் பார்க்க வேண்டும். என் அக்கா விட்ட விளக்கு எதுவரை போகிறது என்று கரையோடு ஓடிய நினைவு இருக்கிறது. விடிந்ததும் போய்ப் பார்த்தால் மட்டை மட்டும் ஒதுங்கிக் கிடக்கும். மாவை மீன்கள் தின்றிருக்கும். கலிங்கில் சிக்கிய பிளாஸ்டிக் தட்டுகளைப் பார்த்தபோது எனக்கு அந்த வாழைமட்டைதான் நினைவுக்கு வந்தது.

செய்பொருளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அகலுக்குக் குயவர் இருக்கிறார்கள். பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய்த் தொட்டிக்குப் பஞ்சமில்லை. திருப்பூரில் சாயம் ஏற்றாத வெள்ளைத் துண்டுத்துணி மூட்டை மூட்டையாகக் கிடைக்கும், மூங்கில் கூட்டின்மேல் சுற்றினால் காற்றுத் தடுக்கும் விளக்காகிவிடும். எண்ணெய்க்குக் கொட்டமுத்து எண்ணெய், அதாவது ஆமணக்கெண்ணெய், போதும்.

நிறத்தைப் பற்றி மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வண்ண வண்ண விளக்குகள் வேண்டும் என்று இளைஞர்கள் விரும்புகிறார்கள். அவர்கள் வயதில் நானும் விரும்பியிருப்பேன். ஆனால் நொய்யலின் கீழ்ப்பகுதியில் இருக்கும் என் உறவினர்களிடம் வண்ணத் தண்ணீர் என்று சொல்லிப் பாருங்கள், அவர்கள் முகம் மாறும். 1992இல் பாசனத்துக்காகக் கட்டிமுடித்த ஒரத்துப்பாளையம் அணை, சாயக்கழிவு தேங்கும் தொட்டியாக மாறிப் போனது. திருப்பூரில் அன்று எந்த நிற பனியனுக்கு ஆர்டர் என்பதை ஆற்றைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்ற கசப்பான பேச்சு அந்தக் காலத்தது. கிணறு கெட்டு, தென்னை கருகி, மாடு குடிக்க மறுத்த பிறகுதான், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியேறாத வகையில் சுத்திகரிக்க வேண்டும் என்ற நிலை அதன்பின் இறுகியது. நகரத்தில் பொழுதுபோக்காகச் சிவப்பும் நீலமுமாக நீரை மின்னவைப்பது அந்த மக்களின் கண்ணுக்கு வேறாகத் தெரியும். ஒரே ஆற்றின் மேல்மடைக்காரர் கடைமடைக்காரரை நினைத்துப் பார்ப்பது பாசன மரியாதை. விளக்கின் இயல்பான மஞ்சள் நிறமே போதும். நீலம் கலந்த வெள்ளை ஒளி பூச்சிகளை மிகுதியாக இழுப்பதும், மஞ்சள் ஒளி அந்த அளவுக்கு இழுக்காததும் இதற்கு இன்னொரு காரணம். முதல் மழைக்குப்பின் தெருவிளக்கைச் சுற்றி விழுந்து சாகும் ஈசலைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

குளத்தை ஏன் இருட்டாகவே விட வேண்டும் என்பதற்கும் இதே வழியில்தான் பதில். இரவில் குளம் காலியாக இல்லை. கூழைக்கடாவும் நாரையும் நீர்க்காகமும் திட்டுகளில் உள்ள கருவேல மரங்களில் வந்து அடைகின்றன. மற்றப் பறவைகள் அடையும் நேரத்தில் வக்கா என்னும் இராக்கொக்கு இரைதேடப் புறப்படுகிறது. நான் சொன்ன அந்த லேசர் இரவில், அடைந்த பறவைகள் எழும்பி, இறங்க இடம் தெரியாமல் இருட்டில் வட்டமிட்டுக் கொண்டிருந்தன. கூட்டத்தில் பலர் அதையும் காட்சியின் பகுதி என்று நினைத்துக் கை தட்டினார்கள். சிங்காநல்லூர்க் குளம் 2017இல் நகர்ப்புறப் பல்லுயிர்ப் பாதுகாப்பு மண்டலமாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. திருப்பூரின் நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் சேர்ந்துவிட்டது. ஈரோட்டுப் பக்கம் வெள்ளோடு சரணாலயத்தைச் சுற்றியுள்ள சிற்றூர் மக்கள், பறவைகள் அஞ்சும் என்பதற்காகப் பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அரசாணை போட்டு வந்த பழக்கமன்று அது. பிள்ளைகள் கேட்கும் வெடியை வாங்கித்தராமல் இருப்பது எவ்வளவு கடினம் என்பது பெற்றோருக்குத் தெரியும். அவர்கள் செய்ததில் பத்தில் ஒரு பங்கை நகரத்தார் செய்தால் போதும்: விளக்கு மதகோடு நின்றுவிட வேண்டும். கடைசி விளக்கை மதகில் வைத்துவிட்டு, எல்லோரும் ஒலிபெருக்கி இல்லாமல் சற்று நேரம் கரையில் உட்கார்ந்து, இருட்டில் குளம் என்ன சத்தம் போடுகிறது என்று கேட்கலாம். ஆனைமலைப் புலிகள் காப்பகத்தின் உலாந்தி வனச்சரகத்தில் கோடிக்கணக்கான மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னி அணைவதை 2022இல் ஆய்வு செய்து வியந்தோம். இங்கிருந்து ஒரு பகல் பயணத் தொலைவில் அப்படியொரு ஒளிவிழா நடக்கக் காரணம், அங்கே இரவு இன்னும் இரவாக இருப்பதுதான்.

எப்போது நடத்துவது என்பதில் கூட்டத்தில் ஆடிப் பெருக்கு என்று பலர் சொன்னார்கள். ஆற்றுக்கு உகந்த நாள்தான். ஆனால் பாலக்காட்டுக் கணவாய்க்கு வாசல் திறந்து வைத்திருக்கும் ஊரில், ஆடிக் காற்றில் அகல்விளக்கை ஏற்றிக் காட்டட்டும், நான் என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். தைப்பூசம் என் ஆசை; அப்போது நிலாப்பிள்ளையையும் மீட்டெடுக்கலாம். ஆயினும் அது வலசைப் பறவைகள் குளங்களில் நிறைந்திருக்கும் பருவம், வாய்க்காலிலும் தண்ணீர் வற்றியிருக்கும். புரட்டாசிப் பௌர்ணமி பொருந்தி வரும் என்று தோன்றுகிறது. காற்று அடங்கியிருக்கும், தென்மேற்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டானால் வாய்க்காலில் தண்ணீர் ஓடும், வலசைப் பறவைகள் அப்போதுதான் ஒன்றிரண்டாக வரத் தொடங்கியிருக்கும். வடகிழக்குப் பருவமழை இறங்குவதற்குமுன் வாய்க்காலைச் சுத்தம் செய்ய அதுவே சரியான தவணையும்கூட. விளக்கு வைக்க வேண்டுமானால் கரையில் நடக்க முடிய வேண்டும்; நடக்க வேண்டுமானால் முள்ளையும் குப்பையையும் முன்கூட்டியே எடுத்தாக வேண்டும். 2017 வறட்சியின்போது பேரூர்ப் பெரியகுளத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் மண்வெட்டியோடு இறங்கிய தன்னார்வலர்கள் இந்த ஊரில்தான் இருக்கிறார்கள். ஆள் கிடைக்காது என்ற பேச்சை நான் ஏற்க மாட்டேன்.

நீர்வளத் துறையும் மாநகராட்சியும் வருவாய்த் துறையும் செய்ய வேண்டியது சிறிது. சித்திரைச்சாவடி வாய்க்காலின் புல வரைபட நகல்களை அந்தந்தத் தெருவாருக்குக் கொடுக்க வேண்டும். அளவு காட்ட ஆள் அனுப்ப வேண்டும். அன்றிரவு இரண்டு மணி நேரம் வாய்க்காலோரத் தெருவிளக்குகளை அணைத்து வைக்க வேண்டும். விளக்கைவிடப் பெரிய விளம்பர வளைவு எதுவும் வேண்டாம் என்பதை விழாக் குழுவினர் இப்போதே எழுதி வைத்துக்கொள்வது நல்லது. எங்கள் தெருவுக்குப் பின்னால், இரண்டு சிறு பாலங்களுக்கு இடையில் ஓடும் கிளை வாய்க்கால் துண்டுக்கு நானும் அண்டை வீட்டாரும் பொறுப்பேற்கிறோம். அதில் ஒரு பகுதியில் எங்கள் வீட்டுச் சலவைக் கல்லே ஓரடி வாய்க்காலுக்குள் இருக்கிறது என்பது பழைய வரைபடத்தைப் பார்த்தபோது தெரியவந்தது. அதை இந்த வாரம் பெயர்த்து எடுக்கக் கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்,
பேரூர், கோயம்புத்தூர்.